வெயில் ஆகாத உடம்பை வைத்துக்கொண்டு செட்டிநாட்டில் காலம் தள்ளுவது எப்படி

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தோல் டாக்டர் என்னிடம் "வெயிலில் அலைந்தீர்களா?" என்று கேட்டபோது இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். பொய் சொல்லவில்லை. அது மார்கழி, காரைக்குடியில் வருஷத்திலேயே குளிர்ச்சியான சமயம். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மொட்டை மாடியில் தலை காயவைத்தபடி அண்ணமிண்டியோடு (அண்ணன் மனைவியோடு) ஒன்றரை மணி நேரம் கதை பேசிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான், வியர்க்கக்கூட இல்லை. ஆறேழு நாள் கழித்து மூக்கின் இரண்டு பக்கமும் கன்னம் செக்கச்செவேல் என்று ஆகி, விரல் முட்டெல்லாம் வலித்து, படுத்தால் எழுந்திருக்க முடியாத அசதி. மாடியில் உட்கார்ந்ததையும் இதையும் நான் சேர்த்தே பார்க்கவில்லை. நமக்கு வெயில் என்றால் சூடு. டாக்டர் கேட்டது வெளிச்சத்தைப் பற்றி.

இந்த ஒரு வித்தியாசம் எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது. நம் ஊரில் திண்ணை, உயரமான கூரை, வளவு என்கிற நடு முற்றம், இரண்டாம் கட்டு, நீர்மோர், நுங்கு என்று எல்லாமே சூட்டை ஜெயிப்பதற்காக அமைந்தவை. நம்மைப் போன்றவர்களைத் தாக்குவதோ புற ஊதாக் கதிர். அதற்குச் சூடும் கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. மெல்லிய மேகம் மூடிய நாளிலும் 80 சதவீதம் வரை கீழே வந்துவிடும். எனக்கு லூபஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய். நான் டாக்டர் இல்லை, மருந்தை மாற்றுவதற்கு முன் உங்கள் டாக்டரைக் கேளுங்கள். மற்றதெல்லாம் நானே பட்டுத் தெரிந்துகொண்டதும், டாக்டர்களைக் குடைந்து குடைந்து கேட்டதும்.

படி 1: எதனால் என்று முதலில் தெரிய வேண்டும்

"எனக்கு வெயில் ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டு விடுகிற விஷயம் இல்லை இது. லூபஸ், தசையையும் தோலையும் தாக்கும் டெர்மடோமயோசைடிஸ், கண்ணையும் வாயையும் உலர்த்தும் ஷோகிரன் மூன்றிலும் வெயில் வினை செய்யும். வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் சில மணி நேரத்தில் அரிப்பும் சிறு தடிப்பும் வந்து சில நாளில் அடங்கினால், அது வெளிச்ச ஒவ்வாமைத் தடிப்பாக இருக்கலாம், நம் நாட்டில் சகஜம். முகச்சிவப்பு நோயான ரோசேசியா என்றால் வெளிச்சத்தோடு சூடும் சேர்ந்து முகத்தைச் சிவக்க வைக்கும். ரோட்டோரத்திலும் தரிசிலும் மண்டிக்கிடக்கும் பார்த்தீனியச் செடி இருக்கிறதே, அதன் தூசி ஒவ்வாத ஆட்களுக்கு முகம், கழுத்து, கை என்று வெயில் படுகிற இடமாகவே தடித்துக் கறுப்பதால் பார்ப்பவர்கள் வெயில் நோய் என்றே நினைத்துவிடுவார்கள். காட்டு வேலை, தோட்ட வேலை செய்பவர்கள் இதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அப்புறம் மாத்திரைகள். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு, டாக்சிசைக்ளின், சல்பா மருந்துகள், சில வலி மாத்திரைகள், இதயத்துடிப்புக்கான அமியோடரோன், பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் இவையெல்லாம் தோலை வெளிச்சத்துக்குக் கூச வைக்கக்கூடியவை. லூபஸ்காரர்களுக்கு சல்பா தனி வம்பு, நோயையே கிளப்பிவிடும். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டையையும், நாட்டு மருந்துப் பொட்டலம் உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டு டாக்டர் மேசையில் கொட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

பரிசோதனை என்று பார்த்தால் ஏஎன்ஏ (தன் செல்லையே தாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் உண்டா என்று பார்ப்பது), அது பாசிட்டிவ் என்றால் அதன் உட்பிரிவுகள், முழு ரத்த எண்ணிக்கை, சிறுநீரில் புரதம் ஆகியவற்றைத்தான் கேட்பார்கள். உட்பிரிவில் ஆன்டி-ரோ என்று ஒன்று இருக்கிறது, வெயில் கூச்சத்தோடு தொடர்புள்ள எதிர்ப்பொருள், அதைக் கவனியுங்கள். புற ஊதாக் கதிர் பட்டால் தோலின் மேலடுக்கில் செல்கள் சாகின்றன. அது எல்லாருக்கும் நடப்பதுதான். ஆனால் செத்த செல்லுக்குள் ஒளிந்திருந்த புரதங்கள் வெளியே தலைகாட்டியதும், நம் உடம்பில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் எதிர்ப்பொருள்கள் அதைப் பகையாளி என்று பாய்ந்து பிடிக்கின்றன. இது நடந்து முடியச் சில நாளிலிருந்து மூன்று வாரம் வரை ஆகும். நான் மாடியையும் கன்னத்தையும் சேர்த்துப் பார்க்காமல் போனது இந்த இடைவெளியால்தான்.

மார்பகத்தில் சிலிக்கோன் வைத்தவர்களுக்கு

எங்கள் உறவில் ஓர் ஆச்சி புற்றுநோய்க்கு மார்பகம் எடுத்து, சிலிக்கோன் வைத்துக்கொண்டவர். இரண்டு வருஷம் கழித்து அசதி, மூட்டு வலி, வெயிலில் போனால் தோல் எரிச்சல். எல்லாம் அந்தச் சிலிக்கோனால்தான் என்று ஒரு கட்சி, மனப்பிரமை என்று ஒரு கட்சி. இரண்டுமே அவரைப் பாதி வழியில் விட்டன. உண்மை நிலவரம் இது: இப்படிப்பட்ட தொல்லைகளை உலகமெங்கும் பல பெண்கள் சொல்லியிருக்கிறார்கள், மார்பக உள்வைப்பு நோய் என்று அதைக் குறிப்பிடுகிறார்கள், ஆனால் அது இன்னும் முறையான நோய்க் கணிப்பாக ஆகவில்லை, உறுதிப்படுத்தும் பரிசோதனையும் கிடையாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021இல் இந்த உள்வைப்புகளுக்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது, அறுவைக்கு முன் நோயாளியிடம் விளக்க வேண்டிய பட்டியலில் இந்த அறிகுறிகளும் உண்டு. எடுத்த பிறகு சிலருக்குக் குறைந்திருக்கிறது, சிலருக்கு இல்லை. ஆகவே முதலில் லூபஸ், தைராய்டு, மருந்து ஆகிய காரணங்களைப் பார்த்துவிட்டு, அப்புறம் எடுக்கும் பேச்சைப் பேசுவதே முறை என்பது என் எண்ணம். ஆச்சிக்குக் கடைசியில் ஏஎன்ஏ பாசிட்டிவ் வந்தது.

இதில் இன்னும் மூன்று விஷயம், யாரும் சொல்வதில்லை. ஒன்று, கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்த தோல் பல வருஷத்துக்கு வெயிலுக்குக் கூசும், அங்கே துணி மூடியே இருக்க வேண்டும். இரண்டு, புதுத் தழும்பில் வெயில் பட்டால் கறுத்து அப்படியே தங்கிவிடும், குறைந்தது ஒரு வருஷம் மறைத்து வையுங்கள். மூன்று, மார்பகம் எடுத்துத் திரும்ப அமைத்த இடத்தில் பலருக்கு உணர்ச்சி இருக்காது. சுடுவது தெரியாது. வெந்நீர்ப் பையால் கொப்புளம் வந்த பிறகுதான் ஆச்சிக்கே இது தெரிந்தது.

படி 2: ஒரு நோட்டுப் போடுங்கள்

மூன்று மாதத்துக்கு மட்டும். தேதி, வெளியே இருந்த நேரம், எத்தனை நிமிஷம், என்ன உடுத்தியிருந்தேன், வானம் எப்படி, தோல், மூட்டு, காய்ச்சல், அசதி. ஒரு நாளுக்கு ஒரு வரி போதும். திடீரென்று உடம்பு படுத்தினால் நேற்றைய வரியைப் பார்க்காதீர்கள், இருபத்தோரு நாள் பின்னால் வரை புரட்டுங்கள். என் நோட்டில் தெரிந்தது: பதினைந்து நிமிஷம் தாங்கும், நாற்பது தாங்காது, அடுத்தடுத்த நாள் பதினைந்து பதினைந்தாகப் போனாலும் தாங்காது. உங்கள் கணக்கு வேறாக இருக்கும். டாக்டரிடம் பேசும்போது இந்த நோட்டு பத்து ரிப்போர்ட்டுக்குச் சமம்.

படி 3: கடிகாரத்தை விட்டு நிழலைப் பாருங்கள்

உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமை. இதைவிட எளிய கருவி கிடையாது. நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்து டிகிரியில் இருக்கிறோம். சித்திரை பிறந்த இரண்டு மூன்று நாளில் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கும், அப்புறம் ஆகஸ்ட் கடைசி வாரத்தில், ஆவணியில், மறுபடியும். ஆவணியில்தான் வெயில் குறைந்துவிட்டதே என்று நாம் ஏமாறுகிறோம். நம் ஊருக்கு உச்சிப் பொழுது சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை, பன்னிரண்டேகால் வாக்கில் வருகிறது. அதன்படி பார்த்தால் சித்திரையில் காலை ஒன்பதேகாலிலிருந்து பிற்பகல் மூன்றேகால் வரை நிழல் குட்டை. மார்கழியில் பத்தேகாலிலிருந்து இரண்டேகால் வரை. மார்கழியிலும் நாலு மணி நேரம்! அந்த மாடியில் நான் உட்கார்ந்திருந்தது அந்த நாலு மணி நேரத்துக்குள்தான்.

போனில் வானிலை பார்க்கும்போது வெப்பநிலைக்குக் கீழே யூவி எண் என்று ஒன்று இருக்கும், யூவி என்றால் அதே புற ஊதாதான். 3ஐத் தொட்டாலே பாதுகாப்பு தேவை, 8 முதல் 10 மிகக் கடுமை, 11ஐத் தொட்டால் உச்சம். சித்திரை நண்பகலில் இங்கே 11ஐத் தாண்டுவது சாதாரணம். நான் வெளிவேலையைக் காலை எட்டுக்கு முன்னாலும் மாலை ஐந்துக்குப் பின்னாலும் வைத்துக்கொள்கிறேன். பாங்க் வேலைக்கு அது ஒத்துவராது, அதற்கு வீட்டில் ஆள் அனுப்புவேன், இல்லாவிட்டால் முழு வேஷம் போட்டுக்கொண்டு போவேன்.

படி 4: வீட்டுக்குள்

வீட்டுக்குள்தானே இருக்கிறோம் என்று நினைப்போம். வளவுக்கு மேலே திறந்த வானம். சுற்றுத் தாழ்வாரத்தில் தூணோரம் உட்கார்ந்தால் நேர் வெயில் படாவிட்டாலும் வானத்தில் சிதறிய கதிர் வந்துகொண்டுதான் இருக்கும். நான் வைத்திருக்கும் கணக்கு: உட்கார்ந்த இடத்திலிருந்து வானம் எவ்வளவு தெரிகிறதோ, அவ்வளவு கதிர் உங்கள் மேல். வானமே தெரியாத உள் அறைப் பக்கம் நகர்ந்துவிடுங்கள். அரிசி புடைப்பது, கீரை ஆய்வது எல்லாம் இப்போது எனக்கு இரண்டாம் கட்டில்தான், அதுவும் கூரைக்கு அடியில் சுவரோரமாக.

கண்ணாடி ஜன்னல் பாதியைத்தான் தடுக்கும். தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் யூவி-பி கண்ணாடியில் நின்றுவிடும், ஆழமாக இறங்கும் யூவி-ஏ உள்ளே வரும். அது காலையிலிருந்து மாலை வரை உண்டு. ஜன்னலோரம் மேசை போட்டு வேலை பார்ப்பவர்கள் யூவி தடுக்கும் ஒட்டுப்படம் ஒட்டலாம், இல்லையென்றால் கெட்டித் திரை. சிஎஃப்எல் பல்பு, ட்யூப்லைட்டிலிருந்து கொஞ்சம் கதிர் கசியும், லூபஸ் கடுமையாக இருப்பவர்களுக்கு அதுகூடத் தொல்லை தரலாம், எல்ஈடிக்கு மாற்றுங்கள். வெல்டிங் பட்டறை வாசலில் நின்று பேசாதீர்கள்.

படி 5: துணிதான் முதல் மருந்து

சன்ஸ்கிரீனுக்கு முன்னால் துணி. காசும் குறைவு, வேர்வையில் கரையாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டியதும் இல்லை. துணியைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பின்னால் இருக்கும் விரல் தெரிந்தால் கதிருக்கும் வழி தெரியும். நெருக்கமான நெசவு, அடர்ந்த நிறம், தளர்வான தையல். மெல்லிய வெள்ளைப் பருத்தி குளுமையாக இருக்கும், ஆனால் கதிரை விடும், வேர்வையில் நனைந்தால் இன்னும் அதிகமாக விடும். சூட்டுக்கு வெள்ளை, வெளிச்சத்துக்கு அடர்நிறம் என்று வரும்போது நான் அடர்நிறத்தின் பக்கம்.

இந்த இடத்தில் நம் கண்டாங்கியைச் சொல்லாமல் எப்படி விடுவது? 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே காரைக்குடிக் கண்டாங்கிதான். கெட்டிப் பருத்தி, நெருக்க நெசவு, அரக்கு, கறுப்பு, கடுகு மஞ்சள். நம் ஆயாக்கள் அதை வெயிலுக்கென்று உடுத்தவில்லை, இருந்தாலும் எனக்கு அதைவிட நல்ல கவசம் கிடைக்கவில்லை. பழைய கண்டாங்கி இரண்டை வெட்டி முழுக்கை மேல்சட்டை தைத்து வைத்திருக்கிறேன், எதன் மேலும் போட்டுக்கொள்ளலாம். கழுத்துப் பின்புறம், காது, புறங்கை, சேலைக்கும் ரவிக்கைக்கும் நடுவே இடுப்பு, செருப்புக்கு வெளியே தெரியும் பாதம், இந்த ஐந்து இடத்தையும் எல்லாரும் மறந்துவிடுகிறோம்.

குடை கறுப்பாக, கெட்டியாக இருக்கட்டும். குடையை மட்டும் நம்பாதீர்கள், தரையிலும் சுவரிலும் பட்டு வருவதைக் குடை தடுக்காது. ஸ்கூட்டியில் போனால் முகம் மூடும் ஹெல்மெட்டின் கண்ணாடி இறக்கியே இருக்கட்டும், கைக்கு முழு உறை. கறுப்புக் கண்ணாடி வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள், யூவி 400 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 6: சன்ஸ்கிரீன், அளவில்தான் எல்லாம்

எஸ்பிஎஃப் 30 என்றால் யூவி-பியில் சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 என்றால் 98. ஆகவே 100 என்று போட்டிருப்பதற்கு அள்ளிக் கொடுக்க வேண்டாம். ஆனால் எஸ்பிஎஃப் என்பது யூவி-பியின் கணக்கு, யூவி-ஏக்கு பிஏ என்று எழுதிப் பக்கத்தில் கூட்டல் குறி போட்டிருப்பார்கள், குறைந்தது மூன்று கூட்டல் குறி இருக்க வேண்டும். தோல் எளிதில் எரிகிறவர்களுக்கு ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு சேர்ந்தவை சாது. நம் நிறத்துக்கு அது சாம்பல் பூசிய மாதிரி தெரியும், அதற்கு நிறம் கலந்தது கிடைக்கிறது. அதில் உள்ள இரும்பு ஆக்சைடு மங்கு இருப்பவர்களுக்குக் கூடுதல் நன்மை.

இந்த எண்ணெல்லாம் முழு அளவு பூசினால்தான். ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனி வரை இரண்டு கோடு பிழியுங்கள், அது முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும். வெளியே கிளம்ப இருபது நிமிஷம் முன்னால், அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வேர்த்துத் துடைத்தால் உடனே. இப்படிப் பூசினால் 50 கிராம் டியூப் பதினைந்து இருபது நாளில் தீர்ந்துவிடும். உங்களுக்கு மூன்று மாதம் வருகிறது என்றால் நீங்கள் பூசவில்லை, தடவிப் பார்த்திருக்கிறீர்கள். செலவு குத்தும், தெரியும், அதனால்தான் துணியை முதலில் சொன்னேன், துணி மூடாத இடத்துக்கு மட்டும் இது. டியூபை ஸ்கூட்டி டிக்கியில் போட்டு வேகவைக்காதீர்கள்.

படி 7: மாடி, அடுப்படி, குளியல் பொடி

மாசி பிறந்தால் வற்றல், வடகம், மிளகாய், மல்லி எல்லாம் மாடிக்கு ஏறும். விட முடியாது, எனக்கும் மனசு வராது. நான் இப்போது ஆறரைக்குள் பிழிந்துவிட்டு இறங்கிவிடுகிறேன், நடுவில் கிளறுவது பையன் வேலை, மாலை அள்ளுவது என்னுடையது. காக்கைக்குக் காவல் உட்காருவது அடியோடு நின்றது, வலையும் கறுப்புக் குடையும் காவல்.

இனி ரொம்ப முக்கியமான ஒன்று. நலங்கு மாவு, குளியல் பொடி அரைக்கும்போது கார்போகரிசி சேர்க்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. அதில் சோரலன் என்ற பொருள் இருக்கிறது. வெண்குஷ்டத்துக்கு அதைப் பூசி வெயிலில் நிற்கச் சொல்வதே, அது தோலை வெளிச்சத்துக்கு இழுக்கும் என்பதால்தான். நமக்கு அது எதிரி. மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாமல் இருக்கலாம், நீங்கள் மட்டும் அதில்லாமல் தனியாகப் பயறும் மஞ்சளும் அரைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சைச் சாறும் அப்படித்தான்: ஊறுகாய்க்கு நறுக்கிய கையோடு வெயிலில் துணி காயப்போட்டால் புறங்கையில் கோடு கோடாகக் கொப்புளித்துக் கறுக்கும், இது நோய் இல்லாதவர்களுக்கும் வரும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வெளியே போங்கள்.

படி 8: பஸ், பாதயாத்திரை, கல்யாணம்

வாத நோய் டாக்டரை (ரூமட்டாலஜிஸ்ட்) பார்க்க நம்மில் பலர் மதுரைக்கோ திருச்சிக்கோதான் போகிறோம். பஸ்ஸில் எந்தப் பக்கம் என்பதே ஒரு சாஸ்திரம். காரைக்குடியிலிருந்து திருச்சி வடக்கே. காலையில் போகும்போது வெயில் வலப்பக்கம், பிற்பகல் திரும்பும்போதும் வலப்பக்கம், ஆக இரண்டு நேரமும் இடப்பக்கம் உட்காருங்கள். மதுரை மேற்கே. ஐப்பசியிலிருந்து மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், அதனால் போகும்போது வலப்பக்கம், வரும்போது இடப்பக்கம் உட்காருங்கள். சித்திரையில் உச்சி வெயில் என்பதால் பக்கம் பார்த்துப் பயனில்லை, விடிகாலை பஸ்தான் வழி. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு எந்த இருக்கை கிடைக்கிறதோ அதுதான், துப்பட்டாவை இழுத்துப் போர்த்துங்கள்.

தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிறவர்களில் லூபஸ்காரர்களும் இருக்கிறார்கள், நானே ஒரு வருஷம் கொஞ்ச தூரம் நடந்தேன். விடியலுக்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் மட்டும் நடந்து, நடுப்பகலில் மடத்துக்குள் படுத்துவிட வேண்டும், கூட்டத்தோடு ஒட்டி நடக்க முடியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொப்புடையம்மன் தேருக்கு வெளியே நின்று வடம் பிடிப்பதில்லை, ஒரு கடை உள்ளேயிருந்து கும்பிட்டுக்கொள்கிறேன். சிராவயல் மஞ்சுவிரட்டு டிவியில்.

கல்யாணம்தான் கஷ்டம். வளவில் பந்தல், வெள்ளைத் துணிப் பந்தல் என்றால் வெளிச்சம் வடிகட்டிக்கொண்டு வரும், தகரமோ கீற்றோ என்றால் நல்லது. "என்ன ஆத்தா, கல்யாண வீட்டில் முழுக்கை மாட்டிக்கொண்டு" என்று கேட்பார்கள். நான் நீளமாக விளக்கியெல்லாம் பார்த்துவிட்டேன், நாலு பேரும் நாலு வைத்தியம் சொல்வார்கள். இப்போது "வெயில் பட்டால் சிறுநீரகம் வரை போகும்" என்று ஒரே வரி. வாய் மூடிவிடுகிறது. அது பொய்யும் இல்லை, லூபஸ் கிளம்பினால் சிறுநீரகத்தைத் தொடக்கூடியதே.

படி 9: மாத்திரையும் வைட்டமின் டியும்

லூபஸ்காரர்களுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பெரும்பாலும் அஸ்திவாரம். வெயில் கூச்சத்தையும் அது குறைக்கும், ஆனால் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், ஒரு மாதத்தில் சலித்துப்போய் நிறுத்திவிடாதீர்கள். அளவு எடைக்கு ஏற்ப, ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் கொடுப்பார்கள். ஆரம்பித்த முதல் வருஷத்துக்குள் ஒரு விழித்திரைப் பரிசோதனை, ஐந்து வருஷத்துக்கு அப்புறம் வருஷா வருஷம். சுருட்டு, சிகரெட் பிடிப்பவர்களுக்குத் தோலில் லூபஸ் முற்றும், மாத்திரையும் சரியாகப் பிடிக்காது.

வெயிலைத் தவிர்த்தால் வைட்டமின் டி குறையும். அதற்காகக் காலை வெயிலில் நில் என்று சொல்வார்கள், நமக்கு அந்த வழி இல்லை. ரத்தத்தில் அளவு பார்த்து டாக்டர் சொல்கிறபடி எடுங்கள். கடையில் கிடைக்கும் 60,000 யூனிட் பொட்டலம் வழக்கமாக வாரம் ஒன்று, அதுவும் சில வாரம். தினமும் ஒன்று குடித்து ரத்தத்தில் கால்சியம் ஏறி ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் உண்டு.

படி 10: மீறிப் பட்டுவிட்டால்

உள்ளே வாருங்கள், பச்சைத் தண்ணீரில் நனைத்த துணி போடுங்கள், தண்ணீர் குடியுங்கள், அடுத்த இரண்டு நாள் வேலையைக் குறையுங்கள். நோட்டில் எழுதுங்கள். மருந்துக் கடையில் "முகத்துக்கு ஒரு களிம்பு" என்று கேட்டு வாங்காதீர்கள், அதில் பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும், பூசினால் இரண்டே நாளில் அடங்கும், நிறுத்தினால் இரண்டு மடங்காக வரும், முகத்தோல் மெலிந்து இன்னும் கூசும். நான் நாலு மாதம் அப்படி ஒன்றைப் பூசிவிட்டு ஒன்றரை வருஷம் அனுபவித்தேன்.

அடுத்த மூன்று வாரம் கவனியுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, வலிப்பு, நினைவு தடுமாற்றம் வந்தால் யோசிக்கவே வேண்டாம், 108. விடாத காய்ச்சல், சிறுநீரில் அடங்காத நுரை, காலையில் கண் இமையும் மாலையில் காலும் வீங்குவது, வாய்க்குள் புண், கொத்தாக முடி கொட்டுவது, இதில் எது தெரிந்தாலும் அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்களே என்று காத்திருக்காதீர்கள். போன் போட்டுச் சொல்லிவிட்டு, நோட்டையும் மஞ்சப்பையையும் எடுத்துக்கொண்டு மறுநாள் விடிகாலை பஸ்ஸைப் பிடியுங்கள், நிழல் குட்டையாவதற்குள் ஆஸ்பத்திரிக்குள் போய்விடலாம்.